உதவித்தொகைக்குப் பிறகும் அதே பெஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் அப்படங்களை ஆவலோடு பார்க்கிறேன். ஆனால், படம் வெளிவந்த மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்கிறது என்று எவரும் கேட்பதில்லை. வகுப்பை முந்திக் கற்கும் மீத்திறன் மாணவருக்கு வகுப்பறையில் நாம் என்ன தருகிறோம் என்பதே என் கேள்வி.

எட்டாம் வகுப்பில் எழுதப்படும் இத்தேர்வின் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் 6,695 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். பல வீடுகளில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமல் காப்பது இந்தப் பணம்தான் என்பதால், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஊரகத் திறனாய்வுத் தேர்வும் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் இதே வகையைச் சேர்ந்தவை. 1963இல் தொடங்கப்பட்ட தேசியத் திறனறித் தேர்வோ 2021க்குப் பிறகு நடத்தப்படவே இல்லை. இத்தகைய தேர்வுகள் திறமையைக் கண்டுபிடித்துப் பணம் தருகின்றன. பாடவேளையில் எதையும் மாற்றுவதில்லை. மாவட்ட மாதிரிப் பள்ளிகள் நல்ல முயற்சி என்றாலும், அவை ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதால் தயங்கும் பெற்றோரும் உண்டு.

என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாள். நாற்பது பேர் இருந்த வகுப்பில் அவளை எப்படி நடத்துவது என்று தெரியாமல், அவளை லீடராக்கி, மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்தவும் மெல்லக் கற்போருக்கு வாய்பாடு சொல்லித் தரவும் வைத்தேன். அதைப் பொறுப்புணர்ச்சி வளர்க்கும் பயிற்சி என்றே அப்போது நம்பினேன். உண்மையில், சம்பளமில்லாத உதவி ஆசிரியை ஒருத்தி எனக்குக் கிடைத்திருந்தாள், அவ்வளவுதான். அவள் உதவித்தொகைத் தேர்வில் தேர்ச்சி பெற்றதும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டினோம். மறுநாள் அவள் அதே பெஞ்சில், அதே நோட்டுக் கட்டுடன் அமர்ந்து, "சார், இந்த வருஷமும் நோட்டுதான் திருத்தணுமா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 22 அன்று கணித நாள் விழாக்களில் இராமானுஜனைப் புகழ்ந்து பேசுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்ததை மட்டும் மேடையில் விரைவாகக் கடந்துவிடுகிறோம். பள்ளிப் பருவத்தில் அவரை வளர்த்தவை, வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களின் துணையும், நண்பர் வழியே கைக்கு வந்த கணித நூல் ஒன்றும்தாம். மேலே சொன்ன தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் திட்டத்திலும் பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு பெறாதவருக்கு (பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 55 விழுக்காடு) உதவித்தொகை நின்றுவிடுகிறது. கணக்கில் மட்டும் அசாத்தியமாக ஓடும் பிள்ளைக்கு இந்த விதியில் இடமில்லை.

அடிப்படை எழுத்தும் எண்ணும் வராத பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க, வேகமாகக் கற்பவர்களுக்கு எதற்குத் தனிக் கவனம் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்டவன். ஆனால் மீத்திறன் மாணவருக்கு வேண்டியது கூடுதல் பக்கங்களோ தனி வகுப்பறையோ அன்று, ஆழமான கேள்வி. ஒற்றைப்படை எண்களை 1, 3, 5 என்று வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்பதை வகுப்பு முழுவதும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அது ஏன் அப்படி வருகிறது என்று புள்ளிகளை வரைந்து காட்டும்படி ஒரு பிள்ளையிடம் சொல்ல, ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். அந்தப் பிள்ளை அரை மணி நேரம் மூழ்கிவிடும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. ஆறு முதல் பத்து வரை உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு வகுப்புகளின் கணிதப் பாடவேளையையாவது ஒரே நேரத்தில் அமைத்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த ஒரு வேளைக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் போய் அமரலாம். வயதுத் தோழர்களை விட்டுப் பிரிய வேண்டியதும் இல்லை, ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்புக்கு ஏற்றிவிடும் பழைய நாள் டபுள் பிரமோஷனின் சிக்கல்களும் இல்லை. இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. தலைமை ஆசிரியருக்கு அனுமதி அளிக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். ஜூன் மாதம் கால அட்டவணை எழுதப்படுவதற்கு முன் அது வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.