ராபின் ஹூட்ஸ் பேயில் ஒரு வாரம்

லீட்ஸ்,
ஆகஸ்ட் 24

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு நன்றாகவே நடக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஒரு வாரம், இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடலோரத்தில் விட்பி நகருக்குத் தெற்கே இருக்கும் ராபின் ஹூட்ஸ் பே என்ற சிற்றூருக்குப் போய் வந்தோம்.

செங்குத்தான சரிவில் சிவப்பு ஓட்டு வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கடல்வரை இறங்கும் ஊர் அது. வெளியூர்க்காரர்கள் காரை மேலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். அப்பா ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் என் மகனின் தோளையும் பிடித்துக்கொண்டு, நாலைந்து இடங்களில் நின்று இளைப்பாறி, தினமும் இறங்கி ஏறினார்.

கடல் வற்றும்போது, வளைவு வளைவாகக் கிடக்கும் பாறைத் தட்டுகள் வெகுதூரம் வெளியே தெரியும். ஏறும்போது அலை தெருமுனையையே தொட்டுவிடும். ஆகவே ஓத நேர அட்டவணையைப் பார்க்காமல் நாங்கள் எங்கும் புறப்படுவதில்லை. அந்தப் பாறைகள் ஏறத்தாழ 19 கோடி ஆண்டுப் பழமையானவை. மூன்றாம் நாள் காலையில், ஈரமான கருஞ்சாம்பல் களிக்கல் துண்டு ஒன்றை மகள் புரட்டியபோது, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், நத்தைபோலச் சுருண்டு, ஒவ்வொரு சுற்றிலும் நெருக்கமான வரிகளோடு அம்மோனைட் என்ற, எப்போதோ அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவம் ஒன்று இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறொன்று. ஊரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1881 ஜனவரியில், கடும் பனிப்புயலில், விசிட்டர் என்ற பாய்மரக் கப்பல் இந்த விரிகுடாவில் விபத்துக்குள்ளானது. ஊரிலிருந்த படகு அந்தக் கடலுக்குத் தாங்காது என்பதால் விட்பிக்குச் செய்தி போயிற்று. கடல்வழியே வர முடியாத நிலையில், விட்பிக்காரர்கள் தங்கள் மீட்புப் படகைத் தரைவழியே இழுத்துவரத் துணிந்தார்கள். ஆறு மைல் தூரம், சில இடங்களில் ஏழடி ஆழத்துக்குக் குவிந்திருந்த பனி, நடுவே ஐந்நூறு அடி உயர மேடு. 200 ஆட்களும் 18 குதிரைகளும் சேர்ந்து, எதிர்ப்புறமிருந்து இவ்வூர் மக்களும் பனியை வெட்டி வழிசெய்துகொண்டே வர, புறப்பட்ட இரண்டு மணி நேரத்தில் படகைக் கடலில் இறக்கிவிட்டார்கள். முதல் முயற்சியில் துடுப்புகள் முறிந்தன. இரண்டாம் முயற்சியில் கப்பலில் இருந்தவர்கள் எல்லோரையும் உயிரோடு கரைசேர்த்தார்கள்.

நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா மேலே பார்த்தபடி நின்றார். ஆயுள் முழுவதும் மாட்டைப் பழக்கியவர் அல்லவா, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த இறக்கத்துல, பனியில, குதிரைக்குக் கால் வழுக்கியிருக்குமே, எப்படித் தாங்கிப் பிடிச்சாங்க?" நாங்கள் தடுமாறி இறங்கிய அதே தெருவழியேதான் அந்தக் கனத்த படகும் இறங்கியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவிலிருந்து ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. கீழூரின் வீடுகளில் பெரும்பகுதி இன்று என்னைப் போன்றவர்கள் வாடகைக்கு எடுக்கும் விடுமுறை வீடுகள். வாசலில், விருந்தினர் தாமே சாவியை எடுத்துக்கொள்வதற்கான சாவிப் பெட்டி தொங்கினால் அங்கு யாரும் குடியிருக்கவில்லை என்று பொருள். 2022இல் விட்பியில் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்று வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நள்ளிரவில் கூப்பிட்டால் கதவைத் திறந்துகொண்டு ஓடிவர ஆள் இருந்ததால்தானே அன்று அந்த மாலுமிகள் பிழைத்தார்கள்! அடுத்தமுறை ஊர்க்காரர் ஒருவர் தாமே நடத்தும் விடுதியில் தங்குவது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம்.

மகள் தன் அம்மோனைட்டின் உப்பு போகட்டும் என்று அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றிக்கொண்டிருக்கிறாள். உன் மகனின் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று அப்பா கேட்கச் சொன்னார். விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்