டவுன் பஸ்ஸில் அம்மா: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அண்ணாவுக்கு,

அம்மாவின் ஆட்டைத்திவசம், முதல் வருஷத் திவசம், நல்லபடி முடிந்தது. நீங்களும் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பார்த்தீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். அன்றைக்குப் பின்னேரம் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மாமி, சித்தப்பா எல்லோரும் கேட்க ஒன்று சொன்னீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். "கோயில் கும்பிட அனுப்பின காசில அம்மாவை டவுன் பஸ்ஸில ஏத்தி அலைக்கழிச்சவள்." எல்லோரும் கேட்கச் சொன்னதற்கு எல்லோரும் பார்க்கத்தானே பதில் எழுத வேண்டும்? பயப்படாதீர்கள், ஒருவர் பெயரும் இதில் வராது. காசுக் கணக்கைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஓம், பஸ்ஸில் ஏற்றினேன். அலைக்கழித்தது யார் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

2024 செப்டம்பரில் ஏன் பிளேனை விட்டுக் கப்பலில் போனோம் என்பது உங்களுக்கு முதல் கோபம். அம்மா கேட்டார், போனோம். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய நாலு மணித்தியாலம். யன்னல் ஓரத்தில் இருந்தவர் ஒரு சொல் கதைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கரை தெரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். 1990இல் எங்கள் ஒழுங்கையிலிருந்து மண்டபம் அகதி முகாமுக்கென்று வள்ளம் ஏறியவர்களை நினைத்துத்தான் கேட்டார். போய்ச் சேர்ந்தவர்களையும், சேராதவர்களையும். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

உங்கள் பட்டியல் என்னிடம் இருந்தது. சிதம்பரம், தஞ்சாவூர், திருநள்ளாறு. வாடகைக் கார் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா ஐந்து மணிக்கே எழும்பி லொட்ஜ் வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் தேடிக்கொண்டு இறங்கி வந்தபோது எதிர்வீட்டுப் பெண் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் மா ஒரே சீராக இறங்குவதை அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையை எடுக்காமலே போடுறாள் பாரன்." தெருக் குழாயடியில் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. குடத்தை வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதற்காக வரிசை குலைவதில்லை. அதை அம்மா எனக்கு மூன்று தரம் சொன்னார். பூக்காரி முழம் போட்டுப் பூ விற்றாள். அவளைவிட அடுத்த கடைக்காரிக்குக் கை நீளம் என்று கண்டுபிடித்து அவளிடம் வாங்கினார். தேத்தண்ணிதான் பிடிக்கவில்லை. "பாலைக் காய்ச்சி அதுக்குத் தேயிலையைக் காட்டியிருக்கிறாங்கள்" என்றார்.

கார் வந்தது. "நாரி நோகுது, காருக்குள்ள அடைஞ்சு கிடக்கேலாது" என்றார். அப்புறம் பார்த்தால் அதே இடுப்பு நோவோடு பஸ் தரிப்புக்கு நடக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியாது. நான் பின்னாலே போனேன்.

நாகூர் போகிற பஸ். நான் காசை நீட்ட, கண்டக்டர் இரண்டு துண்டுச் சீட்டைத் தந்துவிட்டுக் காசைத் தொடாமலே அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

"தம்பி, காசு!" என்றார் அம்மா.

"லேடீஸுக்கு இல்லம்மா."

"நாங்கள் இந்த ஊர் இல்லை, தம்பி. இலங்கை."

"லேடீஸ்தானே?" என்று சொல்லி விசிலை ஊதினார்.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. எனக்கு அது ஏற்கெனவே தெரியும். எங்களுக்கும் சேர்த்து என்று நினைக்கவில்லை. அம்மா அந்தச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேர்ஸுக்குள் மடித்து வைத்தார். பிறகு என் காதில், "திரும்பி வாறதுக்கும் இல்லையோ?" என்றார்.

அன்றைக்கு முழுக்க அதுதான். நாகூர் தர்காவில் இறங்கிக் கும்பிட்டோம். திரும்ப நாகப்பட்டினம், அங்கிருந்து சிக்கல். சிங்காரவேலரைக் கும்பிட்டோம் அண்ணா, கோயிலே போகவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லவேண்டாம். திரும்பவும் பஸ். அம்மா பார்த்ததெல்லாம் கடைப் பெயர்ப்பலகையும், ரேஷன் கடை வாசலும், இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டிச் சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தார். உரக்கடை, அடகுக்கடை, கூட்டுறவுச் சங்கம். அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் வருகிற கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பிக்கிற மனுஷி அவர். அதைப் பற்றி இங்கே கூடுதலாக எழுதவில்லை. உங்களுக்கென்ன, நான் இங்கேதான் இருக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். முதல் பஸ்ஸில் ஒவ்வொரு தரிப்பிலும் அம்மாவின் வலது கை தானாகவே ஹேண்ட்பேக் ஜிப்பில் போய் நின்றது. ஊரில் சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் இறங்கவேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும், அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறவேண்டும். அந்தக் கைக்கு இன்னும் அதுதான் பழக்கம். நீங்கள் போன பிறகு நாங்கள் அப்படித்தான் பஸ் ஏறினோம். அம்மா ஊரில் பஸ் ஏறியதெல்லாம் ஏதாவது அலுவலுக்கு. கிளினிக், வங்கி, பதிவு, ஆள் தேடி. சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வர ஒருநாளும் ஏறினதில்லை. சிக்கலிலிருந்து திரும்பும்போது பஸ் சடாரென்று நின்றது. கை மடியிலிருந்து அசையவில்லை. இதைச் சொன்னால் உங்களுக்கு விளங்குமா? கோபத்தில் கேட்கவில்லை. விளங்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னேரம் வேளாங்கண்ணி போகிற பஸ்ஸில் மீன்காரப் பெண் ஒருத்தி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அக்கரைப்பேட்டைக்காரி. அலுமினியச் சட்டியைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு உட்கார, தண்ணீர் அம்மாவின் சேலைக் கரையில் ஊறியது. அம்மா காலைத் தூக்கிவிட்டு, மூடியிருந்த சாக்கை விலக்கி, ஒரு பாரையின் செவுளைத் திறந்து பார்த்தார். "இது நேற்றையான்." அவளுக்கு வந்ததே கோபம். "விடியக்காலம்பர எறங்குன மீனும்மா! எந்தூரு நீங்க?" திருகோணமலை என்றதும் இரண்டு பேரும் விலை கதைக்கத் தொடங்கினார்கள். பிறகு எப்படியோ சுனாமிக்கு வந்துவிட்டார்கள். இருபது வருஷமாக வீட்டில் ஒருவரும் எடுக்காத கதை. "ஞாயித்துக்கெழமை" என்றாள் அவள். "ஓம், போயா லீவு" என்றார் அம்மா, எங்கள் பௌர்ணமி விடுமுறையை நினைத்து. அவள் தன் பக்கத்துப் பெயர்களைச் சொல்ல, அம்மா எங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொன்னார். அழவில்லை. ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு லைன் கிடைக்காமல் விடிய விடிய நீங்கள் போன் அடித்ததையும் அம்மா அவளிடம் சொன்னார். கடைசியில் கிடைத்தபோது உங்களுக்குக் குரலே வரவில்லை என்றும் சொன்னார். எனக்கும் ஞாபகம் இருக்கிறது அண்ணா. ரிசீவரை என் காதில் வைத்தபோது நீங்கள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எத்தினி புள்ளைங்க?" என்று அவள் கேட்டாள். "ரெண்டு. ஒண்டு பக்கத்தில இருக்கு, மற்றது போனுக்குள்ள இருக்கு." அவள் பெரிதாகச் சிரித்தாள். பிறகு அம்மா போனை எடுத்து உங்கள் படத்தைக் காட்டினார். பனி அள்ளுகிற படம், வீட்டுப் படம், பிள்ளைகள் பட்டமளிப்பு உடுப்போடு நிற்கிற படம். வேளாங்கண்ணி வரும்வரை நீங்கள்தான். நான் பின் சீட்டில் தண்ணீர்ப் போத்தலும் மருந்துப் பையும் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிறதைப் பற்றிக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, சொல்ல அம்மாவுக்கும் தோன்றவில்லை. அம்மா வேறும் சில சொன்னார், உங்களைப் பற்றித்தான். அதை நீங்கள் தனியாகக் கேட்டால் சொல்கிறேன். இங்கே மாமி வீட்டாரும் வாசிப்பார்கள்.

வருத்தக்காரியை வெயிலில் திரியவிட்டாய் என்கிறீர்கள். டொக்டர் மாடிப்படி ஏறவேண்டாம் என்றார், பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சு நோகிறதா என்று நான் கேட்டுக் கேட்டே அவருக்கு அலுத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து நடந்ததற்கும் அந்தப் பயணத்துக்கும் முடிச்சுப் போடுவதென்றால் போடுங்கள். இரவில் படுக்கும்போது நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பொருந்தவில்லை. ஆனால் உங்கள் நேர்த்தி தீரவில்லை என்பது உண்மை. திருநள்ளாற்றில் போடச் சொன்ன காசு உறையோடு திரும்பி வந்தது. அடுத்த நாளும் கார் வேண்டாம் என்றார், அதற்கடுத்த நாளும் வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நம்பி அனுப்பினீர்கள். அதற்கு மன்னியுங்கள். அம்மாவைக் காரில் ஏற்றாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நேர்த்தி, கடமை என்று நீங்கள் கதைக்கும்போது எனக்குத் திருகோணமலைக் கன்னியா ஞாபகம் வருகிறது. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்தி ஏழு வெந்நீர்க் கிணறு எடுத்தான் என்பது சின்ன வயதில் நீங்கள்தான் எனக்குச் சொன்ன கதை. அம்மாவின் அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, சித்தப்பாவின் மகன்தான் தண்ணீர் ஊற்றினான். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை, எல்லாம் எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லவும் இல்லை.

சரி, எழுதிக்கொண்டே போனால் சண்டையாகிவிடும். அம்மாவின் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொன்னீர்கள், அடுத்த கிழமை தபாலில் போடுகிறேன். பஸ் சீட்டுகளை அனுப்பமாட்டேன். வாடைக் காற்றுக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். திரும்ப ஓடத் தொடங்கியதும் நான் தனியாக ஒருமுறை போவதென்று முடிவெடுத்திருக்கிறேன். உறையைக் கொண்டுபோய்த் திருநள்ளாற்றில் போட்டுவிடுகிறேன். அது புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது, தமிழ்நாட்டு இலவச டிக்கெட் அங்கே செல்லுமோ தெரியாது. டிக்கெட்டுக்குக் காசு கேட்டால் அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவேன்.

தங்கச்சி
உப்புவெளி, திருகோணமலை