ஐந்து எழுத்தா, எட்டு எழுத்தா?

அன்புள்ள புலவா,

எட்டு மாதமாகக் கடிதம் போடாத பாவி நான்தான். அம்மாவின் அடக்கத்துக்கு வந்து போனாயே, அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம், சித்தியின் வாய் உட்பட.

அம்மாவுக்குக் கல் வைக்க வேண்டும். மாண்ட வீரருக்கு நடுகல் நடும் உன் பாஷையில் சொன்னால் நான் இன்னும் 'காட்சி'யிலேயே, அதாவது கல் தேடும் முதல் படியிலேயே நிற்கிறேன். அடுத்த படிகளான கால்கோளும் நீர்ப்படையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் மலையில் கல் தேடிப் போனவனுக்கு மெல்போர்னில் தம்பி இருந்திருக்க மாட்டான்.

தம்பி வெண்கலம்தான் என்கிறான். அங்கே புல்வெளியில் தரையோடு தரையாகத் தகட்டைப் பதித்துவிடுகிறார்கள், புல்வெட்டும் இயந்திரம் மேலேயே ஓடுமாம். படம் அழகாகத்தான் இருந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கல்லெல்லாம் கறை வழியும் என்றேன். மெழுகு பூசினால் போதும் என்றான். யார் பூசுவது? பச்சை பூக்கும்வரை அது அங்கே இருந்தால் அல்லவா! எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரே வரிசையில் மூன்று கல்லறைகளில் தகடு இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. பழைய பித்தளைக்கு நல்ல விலையாம்.

பளிங்கும் வேண்டாம். அப்பாவுக்கு 1987-இல் வைத்த பளிங்கைக் கண்ணால் படிக்க முடியவில்லை, விரலால் தடவித்தான் படிக்கிறோம். மழைநீரின் இலேசான புளிப்புக்கே பளிங்கு கரையும். சித்தியோ ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் கழிவறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். "நுரைக்கிறது பார், எவ்வளவு அழுக்கு!" என்பார். நானும் பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். நுரைத்துக்கொண்டிருந்தது அப்பாவின் கல்.

ஆகவே கறுப்பு கிரானைட். பேருக்குத்தான் கிரானைட், மண்ணியல்காரர்கள் அந்தக் கறுப்புக் கல்லை டோலரைட் என்பார்கள். மட்டமான சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நகச்சாயம் அழிக்கும் திரவத்தை மகளிடம் வாங்கி, வெள்ளைத் துணியோடு கடை கடையாகத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டாவது கடையில் துணி கறுத்தது. கடைக்காரர் என் துணியைத்தான் குறை சொன்னார்.

இனிமேல்தான் உனக்குக் கோபம் வரப்போகிறது. எழுத்துக் கணக்கில் கூலி. அம்மாவை ஊரார் அழைத்த 'பொன்னக்கா' எத்தனை எழுத்து? ஐந்து என்பாய். கல் வெட்டும் கடைக்காரர் எட்டு என்கிறார்! கொம்பு தனி, கால் தனி. புள்ளி மட்டும் இலவசம். தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தேன். அவர் எந்தக் கடை என்று கேட்டார்.

எழுத்து வெட்டும் லட்சணத்தையும் பார்த்தேன். கல்மேல் ரப்பர்த் தாளை ஒட்டி, எழுத்தை வெட்டியெடுத்து, மணலைப் பீய்ச்சுகிறார்கள். 'ன'வின் சுழிக்குள் கடுகளவு ரப்பர் நிற்க வேண்டும். அது காற்றில் பறந்தால் சுழி இருந்த இடத்தில் குழிதான். வாசலில் ஒரு கல் அப்படியே கிடந்தது, யாரோ வாங்க மறுத்தது. கல்வெட்டுகளில் புள்ளியைத் தேடாதே என்று நீ வகுப்பெடுப்பாயே, இங்கே சுழியையும் தேடக்கூடாது போல என்று நினைத்துக்கொண்டேன். உளியால் வெட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூலி இரட்டிப்பு, எழுத்து ஆழம். அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

ஆனால் எந்தப் பெயரை வெட்டுவது? ஞானஸ்நானப் பெயர் மரிய அந்தோணியம்மாள். தம்பிக்கு அதுதான் வேண்டும், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு வசனத்தோடு. அம்மாவை அந்தப் பெயரால் அழைத்தவர்கள் வங்கிக்காரர்கள் மட்டுமே. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மீன்காரி வந்து கூடையை இறக்கிவைத்து, "பொன்னக்கா எங்கே, சாளை கொண்டுவந்திருக்கிறேன்" என்று கேட்டாள். அவள் தலைக்கு மேலேயே அம்மாவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அவளுக்குப் படிக்கத் தெரியும். பெயரைப் படித்துவிட்டு வேறு யாரோ என்று நினைத்திருக்கிறாள். படத்தில் அம்மாவுக்கு முப்பது வயது. அன்று அழாத நான் அவளிடம் சொல்லும்போது அழுதேன்.

புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லின் படத்தை அனுப்பியிருந்தாயே, நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆள் பெயர், ஊர், ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில் மாண்டான், அவ்வளவுதான். அதை வெட்டச் சொன்னவன் அவனை ஊரார் கூப்பிட்ட பெயரைத்தான் போட்டிருப்பான் என்று எனக்குப் படுகிறது. ஆதாரம் கேட்காதே.

குழி வெட்டுபவர் இந்த ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும், மண் இறங்காமல் கல்லை வைத்தால் சாயும் என்கிறார். சித்தி கல்லறைத் திருநாளான நவம்பர் 2-க்குள் வேண்டும் என்கிறார். நான் குழிக்காரர் கட்சி. அதனால் உனக்கு மூன்று மாத அவகாசம். இரண்டு பெயரும் வரவேண்டும், பொன்னக்கா பெரிதாக வரவேண்டும், தம்பியும் கோபிக்கக்கூடாது. நான்கு வரிக்குள் எழுதி அனுப்பு. கவிதை வேண்டாம். கொம்பு, கால் குறைவான சொற்களாகப் பார்.

இப்போதைக்கு மரச்சிலுவைதான் நிற்கிறது. மழைக்கு முன் பெயரை மறுபடி பெயின்டில் எழுத வேண்டும். போனமுறை எழுதியவன் 'பொண்ணக்கா' என்று எழுதிவிட்டான்.

உன்,
கணக்குப்பிள்ளை