ஞாயிறு கேட்பு: 1964இன் விநோத இசைத்தட்டுகள்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கம்போல் வேலூர் சத்துவாச்சாரி மாடியில் கூடுகிறோம். இம்முறை ராகமும் இல்லை, பாட்டும் இல்லை.

நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் என்ற சிறிய நிறுவனம் 1964இல் வெளியிட்ட தட்டுகளைக் கேட்கப்போகிறோம். ஒன்றில் அலுவலகச் சத்தம்: தட்டச்சுப்பொறி முதலானவை. இன்னொன்று பழைய இரும்புக் கிடங்கு. பழைய காரை எரிக்கும் ஓசையைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள்! மூன்றாவதில், குரல்வளையை அறுவை சிகிச்சையில் இழந்தவர்கள் மீண்டும் பேசுகிறார்கள். அதைச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். குழந்தைகளை அழைத்து வருபவர்கள் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 1958இல் வந்த, தவளைகள் கத்தும் தட்டையும் நேரமிருந்தால் போடலாம்.

யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். விற்காத தட்டையும் ஆஷ் பட்டியலிலிருந்து நீக்கியதில்லை. அவர் மறைந்தபின் 1987இல் அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸை வாங்கியபோதும், எல்லாத் தட்டுகளும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நம் ஊர்க் கடைக்காரர் எவரும் இதற்கு ஒப்பமாட்டார்.

வருபவர்கள் கைபேசியில் ஒரு நிமிடப் பதிவு கொண்டுவாருங்கள். குடியாத்தம் தறி, காட்பாடி ரயில் அறிவிப்பு, கூத்தில் முகவீணை (நாதசுரம் போன்ற சிறு குழல்), எதுவானாலும் சரி. பின்னணியில் சினிமாப் பாட்டு ஒலித்தால் ஏற்கமாட்டோம்.

சுண்டலுக்குக் கணக்கு வேண்டும். வருகையைச் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே தெரிவித்துவிடுங்கள்.