ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்குகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கையும் அதன் தலைமையிடமான காஜாவையும் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குன்றின்மேல் அடுக்கடுக்காக எழும்பும் கீ மடாலயம், கி.பி. 996-இல் நிறுவப்பட்டு இன்றும் மண்சுவர்களுக்குள் ஓவியங்களைக் காத்துவரும் தாபோ மடாலயம், புல் பூண்டற்ற சரிவுகளில் மாலை வெயில் நிறம் மாறும் காட்சி என அதில் சொல்லப்பட்ட எதுவும் மிகையன்று. நேரில் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால், அங்கு போகிறவர் முதலில் அறிய வேண்டிய உயரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது.

காஜா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். காஜாவில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுதான் கிடைக்கும். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில நாள்கள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்றும் மலை மருத்துவம் அறிந்தவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. சுமார் 2,050 மீட்டர் உயரமுள்ள மணாலியில் ஓர் இரவு தங்கவைத்தார்கள்; மறுநாள் இரவே 4,200 மீட்டருக்கு மேல் சந்திரதால் ஏரிக்கருகே கூடாரம். அன்று மாலை, கொண்டுபோயிருந்த பிஸ்கட் பொட்டலங்கள் வெடிக்கப்போவதுபோல் உப்பியிருப்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்தப் பொட்டலங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. இரவில் என் மைத்துனருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. களைப்புதான், காலையில் சரியாகிவிடும் என்று வழிகாட்டி கூறினார். மறுநாள் 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஜம் கணவாயைக் கடந்து காஜாவை அடைந்தபோது, மைத்துனரால் வண்டியிலிருந்து வாசற்படிவரை நேராக நடக்க முடியவில்லை. நாங்கள் தங்கவிருந்த வீட்டின் மூதாட்டிதான் அவருடைய தள்ளாட்டத்தைக் கண்டதும், பெட்டிகளைக்கூட இறக்கவிடாமல், எங்களை மருத்துவரிடம் அனுப்பினார். மூளையில் நீர் கோத்து வீக்கம் தொடங்குவதன் அறிகுறி அது என்று மருத்துவர் சொன்னபோதுதான் நாங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது விளங்கியது.

இதற்கு உறுதியான மருந்து கீழே இறங்குவதுதான். காஜாவின் சிக்கலும் அதுவே. மணாலிப் பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் குன்ஜம்வரை மேலே ஏறியாக வேண்டும். ஸ்பிட்டி ஆற்றோடு அண்டை மாவட்டமான கின்னௌர் பக்கம் போனாலோ, தாபோ சில நூறு மீட்டர்தான் தாழ்வு. அதற்கப்பால் நாக்கோ அருகே சாலை மறுபடியும் 3,600 மீட்டரை ஒட்டி ஏறுகிறது. பிராணவாயு உருளையுடன் ஒரு பகல் முழுதும் அந்த வழியில் வந்து, கின்னௌரின் தாழ்வான ஊர்களை எட்டிய பிறகே என் மைத்துனர் தெளிவாகப் பேசினார். இன்று அவர் நலமாக இருக்கிறார்.

ஆகவே, முதல்முறை செல்வோருக்குச் சிம்லா வழியே உகந்தது என்பது என் உறுதியான கருத்து. சிம்லா, கின்னௌரில் சுமார் 2,960 மீட்டர் உயரமுள்ள கல்பா, பிறகு தாபோ என்று படிப்படியாக ஏறிக் காஜாவை அடையலாம். இரண்டு மூன்று நாள்கள் கூடுதலாகும் என்பது உண்மைதான். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலி வழி மேலும் எளிதாகிவிட்டதால், விடுப்புக் குறைவானவர்கள் அதையே நாடுகிறார்கள். மணாலி வழியைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொண்டால், அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும் என்பதால், இந்தத் தொல்லை குறைவு.

சுற்றுலா ஏற்பாட்டாளர்களின் விளம்பரங்களில் நாள்வாரியாகக் காணும் இடங்களும் உணவும் அச்சாகின்றன. ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தையும் அவற்றோடு கட்டாயம் அச்சிட வேண்டும் எனச் சுற்றுலாத் துறை விதி வகுக்க வேண்டும். அந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே, ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் தூக்கிச்செல்லும் திட்டம் எது என்பது எவருக்கும் புலப்படும்.

அடுத்த வாரம் பின்–பாபா மலைநடை பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். காடும் புல்வெளியும் நிறைந்த கின்னௌரிலிருந்து சுமார் 4,900 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து வறண்ட ஸ்பிட்டிக்குள் இறங்கும் அழகிய வழி அது. அந்தக் கட்டுரையிலாவது ஒவ்வொரு முகாமின் பெயருக்கருகிலும் அதன் உயரத்தைக் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்