பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இந்த மாதக் கடைசியோடு நூலகப் பொறுப்பை ஒப்படைக்கிறேன். பிரிவு உபசாரக் கூட்டத்தில் நாலு பேரைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன்.

முதலில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சிக்கு. ஏடு தேடிப் போன எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, பரணில் ஏறிக்கொள்ளச் சொன்னார். பழைய வேட்டியில் சுற்றிய ஏழு கட்டுகள். "அப்பச்சி வைத்தியம் பாக்குறப்ப இதைத்தான் பிரிப்பாக. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். எத்தனையோ வீட்டு ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிருக்கின்றன, ஆச்சி விடவில்லை. எலுமிச்சம்புல் எண்ணெயில் குழைத்த கரியைத் தடவித் துடைத்தபோது, வெறும் ஓலையாய்க் கிடந்ததில் வரி வரியாக எழுத்து கறுத்து எழுந்தது. காய்ச்சலுக்கான கஷாயம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் புலவர் ஐயா. மெய்க்குப் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். "வாய்விட்டுப் படி தம்பி, ஓசையே காட்டிக்கொடுக்கும்" என்பார். இன்றைக்கும் அப்படித்தான் படிக்கிறேன்.

நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்த அண்ணனுக்கு நன்றி. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 அளவில் நூல்கள் எரிந்ததைச் சொல்லிச் சொல்லியே, ஒரே பிரதியோடு எதையும் விடக்கூடாது என்று எங்களை விரட்டியவர் அவர்.

பெருக்க வரும் அக்கா ஒருநாள், "கீழ்த்தட்டுக்கு அடியில மாவு மாதிரி கெடக்கு சார்" என்றார். இராமபாணப் பூச்சி துளைத்த தூள். அவர் பார்க்காமல் பெருக்கித் தள்ளியிருந்தால் அந்த அலமாரியே போயிருக்கும். இதைப் பணிக்குறிப்பில் அவர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம், 2015 டிசம்பர் மழை. பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தரையில் வைத்திருந்தது என் தவறு. நனைந்த தாளை இரண்டு நாளுக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். மின்சாரமும் இல்லை. தங்கள் வீடுகளிலேயே தண்ணீர் நின்றபோது வந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் போட்ட பிள்ளைகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

ஆச்சி கொடுத்த ஏழாவது கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அடுத்து வருபவர் அவசரப்படாமல் பிரிக்க வேண்டும். பிரித்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நூலகர்