தயாரிப்பு நிறுத்தப்பட்ட ஏர் பிஸ்டலுக்கு உதிரி பாகம் தராமல் அலைக்கழிப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பெங்களூரு.

பொருள்: ஆறு ஏர் பிஸ்டல்களுக்கான சீல், சிலிண்டர், வால்வு ஸ்பிரிங் வழங்கக் கோருதல், முன்பணம் 11,400 ரூபாய் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2014-ஆம் ஆண்டு தங்களிடம் ஆறு ஏர் பிஸ்டல்களை, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, அன்று முதல் இங்குள்ள பள்ளி மாணவர்களுக்கு 10 மீட்டர் பிரிவில் பயிற்சி அளித்து வருகிறேன். மாடலின் பெயரையும் வரிசை எண்களையும் பதினொரு மின்னஞ்சல்களில் எழுதிவிட்டேன். தாங்கள் விற்ற பொருள் எது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் பன்னிரண்டாவது முறையாக இங்கே எழுதவில்லை.

அந்த மாடலை 2021-இல் நிறுத்தியபோது, பத்து ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்று தாங்களே எழுத்தில் தெரிவித்தீர்கள். அதை நம்பித்தான் நான் வேறு மாடலுக்கு மாறவில்லை. இன்று, காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் பச்சை நிற ரப்பர் சீல் (எதைச் சொல்கிறேன் என்று தங்கள் மெக்கானிக்குக்குத் தெரியும்) ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பி இரவு பெட்டியில் வைத்தால், காலையில் முள் பாதிக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. காற்று கசிவதோடு விஷயம் முடிவதில்லை. ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் ஒரே சீராக இல்லாவிட்டால் பெல்லட்டின் (சிறு குண்டின்) வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே என்னும்போது, கை நடுங்காத பிள்ளையின் குண்டும் எட்டில் போய் விழுகிறது. தவறு தன்னுடையது என்று அந்தப் பிள்ளை அழுகிறது.

ஆகவே, இருக்கும் சரக்கு தீருவதற்குள் 40 சீல்களும், 8 சிலிண்டர்களும், 6 வால்வு ஸ்பிரிங்குகளும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள விரும்பி, கடந்த பிப்ரவரியில் முன்பணம் செலுத்தினேன். அதற்குத் தங்கள் தொலைபேசிப் பிரிவில் ஒருவர் அளித்த பதிலை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: "நாப்பது எதுக்கு சார்? கடை வைக்கப் போறீங்களா? பேசாம அதைக் காயலான் கடையில போட்டுட்டு புதுசு வாங்குங்க." இதோடும் அவர் நிறுத்தவில்லை. துப்பாக்கி உரிமத்தின் நகலை அனுப்பினால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்று, அதை விற்கும் நிறுவனத்துக்கு வாங்கியவன் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த என்னை இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை.

நேரில் வந்தால் தீர்வு கிடைக்கும் என்று தங்கள் மின்னஞ்சலே கூறியதால், இரண்டு பிஸ்டல்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அதிகாலைப் பேருந்தில் புறப்பட்டேன். சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தால், பெட்டியில் என்ன என்று கேட்ட தங்கள் காவலாளி 'பிஸ்டல்' என்ற சொல்லைக் கேட்டதும் என்னை வாசலிலேயே நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தார். (அன்று முதல் பெட்டியின் மேல் 'விளையாட்டுக் கருவி' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.) உள்ளே போனால் மெக்கானிக் விடுப்பு, சரக்கறைச் சாவி சென்னையில்! சரக்கறை பெங்களூரிலும் சாவி சென்னையிலும் இருக்கும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கையில் கொடுத்தது புதிய மாடலின் வண்ண விளம்பரத் தாள் மட்டுமே. புதிய மாடலின் சிலிண்டர் மரை பழைய பிஸ்டலில் பொருந்தாது என்பதையும் அந்தப் பணியாளர் என்னிடம்தான் தெரிந்துகொண்டார். இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்பினேன்.

சிலிண்டர் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தங்கள் கையேட்டின்படி அதன் ஆயுள் 10 ஆண்டு. என்னிடம் உள்ளவை 2024-இலேயே காலாவதியாகிவிட்டன. சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்கிறது போட்டி விதி. எங்கள் மாணவிகள் இருவர் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் நின்றுபோன மனு பாக்கர், பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்று அதை ஈடு செய்தார். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இன்னொரு வாய்ப்பு யார் தருவார்கள்? இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறை வீரர்களையே தாங்கள் அழித்துவிட்டீர்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

தற்போது ஒரு பிஸ்டலைப் பிரித்து, அதன் பாகங்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மற்ற ஐந்துக்கும் மாற்றி மாற்றிப் பொருத்தி வருகிறேன். சேலத்தில் ஒரு பயிற்றுநர் அன்போடு கொடுத்த பழைய சீல்கள், பிரிக்காத உறையிலேயே இறுகி, விரலால் வளைத்ததும் வெடித்துவிட்டன. ரப்பர் சும்மா கிடந்தாலும் கெடும் என்பதால், சரக்கறையின் மூலையில் கிடப்பதை அல்ல, தயாரிப்பு தேதி அச்சிட்ட புதியவற்றையே அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தர இயலாது என்றால் சீலின் உள்விட்டம், தடிமன், ரப்பரின் வகை ஆகிய மூன்றையும் எழுத்தில் தாருங்கள். ஓசூரில் செய்து தர ஆள் இருக்கிறார்கள். சிலிண்டரை மட்டும் அப்படிச் செய்துகொள்ள முடியாது. அதைத் தாங்கள்தான் தந்தாக வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பாகங்களோ, பாகங்கள் இல்லையெனில் வட்டியுடன் முன்பணமோ வந்து சேராவிட்டால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கோரி ஆணையத்தை அணுகுவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடம் தருவதால், இம்முறை பயணம் செய்ய வேண்டியவர் தாங்கள்தான். அந்நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

அந்தத் தொலைபேசிப் பணியாளர் எனக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். வேறு ஒருவர் அவருக்காகத் தெரிவிப்பதை ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்றுநர், கிருஷ்ணகிரி.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், முன்பண ரசீது, 2021-ஆம் ஆண்டுக் கடிதம், வெடித்த சீல் இரண்டு (உறையில்).